பழைய நிரல் ஓடியே ஆக வேண்டும் என்பது கணினி வடிவமைப்புக்குத் தடையா?

கணினியை இயக்கியதும் முதலில் ஓடுகிற ஃபர்ம்வேர், அதற்கு அடுத்து இயங்குதளத்தின் அடிமட்டம். பல வருடமாக என் வேலை இந்த இரண்டோடுதான். எங்கள் தொழிலில் ஓயாத வாக்குவாதம் ஒன்று உண்டு. பழைய நிரல்கள் புதிய கணினியிலும் அப்படியே ஓட வேண்டும் என்ற கட்டாயம், அதாவது பின்னோக்கிய இணக்கம், வடிவமைப்பவர்களின் கையைக் கட்டிப்போடுகிறதா? அந்தக் கட்டாயம் மட்டும் இல்லாதிருந்தால் இன்றைய கணினிகள் எங்கேயோ போயிருக்குமா?

சுமை இருப்பது உண்மை. ஆனால் பொதுவாக எல்லோரும் கை காட்டுகிற இடத்தில் அது இல்லை என்பது என் அனுபவம். ஆவணத்தில் எழுதிக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஆகும் செலவு குறைவுதான். யாரும் எழுதித் தராத ஒரு நடத்தையை எங்கோ ஒரு நிரல் நம்பிவிட்டது என்றால், அதைக் காப்பாற்றுவதுதான் பல தலைமுறைக்கு வடிவமைப்பைப் பிடித்து இழுக்கிறது. இதை நான் எங்கெல்லாம் பார்த்தேன், அதிலிருந்து வேலையில் எதையெல்லாம் மாற்றிக்கொண்டேன் என்பதை எழுதுகிறேன்.

முதலில் சுமை எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். இன்டெலும் ஏஎம்டியும் செய்யும் எக்ஸ்86 வகைப் பிராசஸரில் எத்தனை கோர்கள் (தனித்தனியாகக் கட்டளைகளை ஓட்டும் பகுதிகள்) இருந்தாலும், மின்சாரம் வந்ததும் ஃபர்ம்வேரை ஓட்டத் தொடங்குவது ஒரே ஒரு கோர். அது படிக்கும் முதல் கட்டளை 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே இருக்கும். 16 பைட்டில் வேறென்ன எழுத முடியும்? இன்னோர் இடத்துக்குத் தாவு என்ற கட்டளையைத்தான் வைப்போம். அந்த நொடியில் அந்தக் கோர் 1978-இல் வந்த இன்டெலின் 8086 பிராசஸர் மாதிரியே 16 பிட் முறையில் நடந்துகொள்கிறது.

மற்ற கோர்களை எழுப்புவது இன்னும் வேடிக்கை. முதல் கோர் மற்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்கச் சமிக்ஞை அனுப்ப வேண்டும். எங்கிருந்து ஓடத் தொடங்க வேண்டும் என்று சொல்ல அந்தச் சமிக்ஞையில் 8 பிட்தான் இடம். நினைவகத்தை 4 கேபி துண்டுகளாக, அதாவது பக்கங்களாகப் பிரித்தால் எத்தனையாவது பக்கம் என்ற எண்ணாக அது கணக்கிடப்படும் என்பதால், தொடக்க முகவரி முதல் 1 எம்பி நினைவகத்துக்குள்தான் இருக்க முடியும். கணினியில் எவ்வளவு நினைவகம் இருந்தாலும் இதே கதிதான். ஆக, அந்தச் சின்ன இடத்தில் ஒரு குட்டி நிரலை நகலெடுத்து வைக்கிறோம். டிராம்போலின் என்று அதற்குப் பெயர். விழிக்கும் கோர் 16 பிட்டில் தொடங்கி, அட்டவணைகளை ஏற்றி, 32 பிட்டுக்குத் தாவி, நிரலின் முகவரியை நிஜ நினைவக முகவரியாக மாற்றித் தரும் பக்க அட்டவணையை இயக்கி, கடைசியாக 64 பிட்டில் வந்து நிற்கும். ஒவ்வொரு கோரும், ஒவ்வொரு முறை கணினி இயங்கும்போதும், இத்தனை வருட வரலாற்றையும் சில மைக்ரோ நொடிகளில் கடந்து வருகிறது.

இதில் பிழை வந்தால் பிடிப்பது கடினம். அந்தக் கட்டத்தில் திரை கிடையாது, பிழைச் செய்தி கிடையாது. ஒவ்வொரு படியிலும் சீரியல் போர்ட்டுக்கு ஒரு எண்ணை அனுப்பிப் பார்ப்போம். 3 வந்தது, 4 வரவில்லை என்றால் அந்த இரண்டுக்கும் நடுவே கோளாறு. ஒரு முறை எங்கள் கைக்கு வந்த நிரலில் விசித்திரமான பிரச்சினை. நினைவகம் அதிகமுள்ள கணினிகளில் மட்டும் முதல் கோரைத் தவிர வேறு எதுவும் எழவில்லை. தேடிப் போனால், பக்க அட்டவணையை 4 ஜிபிக்கு மேலே வைத்திருக்கிறார்கள். 32 பிட் நிலையில் இருக்கும் கோரால் அந்த முகவரியின் கீழ்ப்பாதியைத்தான் ஏற்ற முடியும். மேல்பாதி காணாமல் போக, கோர் ஏதோ ஒரு வெற்று நினைவகத்தைப் பக்க அட்டவணை என்று நினைத்து விழுந்துவிடுகிறது. 64 பிட் கணினியில், 64 பிட் இயங்குதளத்தில், யாருமே பயன்படுத்தாத ஓர் இடைநிலையின் எல்லையில் போய் முட்டியிருக்கிறோம்.

இதையெல்லாம் கேட்கிறவர்கள், பிராசஸரின் பாதி இடத்தைப் பழைய சரக்கே அடைத்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 8086-இல் மொத்தமே சுமார் 29,000 டிரான்சிஸ்டர்கள்தான். 2020-இல் வந்த ஆப்பிள் எம்1 சில்லில் 1,600 கோடி. பழைய முறையை உள்ளே வைத்திருக்க ஆகும் இடம் கண்ணுக்கே தெரியாது. ஆகும் செலவு வேறு: மனித உழைப்பும் சோதனையும். புதிதாக ஒரு வசதியைச் சேர்க்கும்போதெல்லாம், அது 16 பிட் முறையில் எப்படி நடக்கும், 32 பிட் முறையில் எப்படி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் அந்த ஒரு கட்டளை நேரத்தில் எப்படி என்று எல்லாவற்றுக்கும் ஒருவர் பதில் எழுத வேண்டும், இன்னொருவர் சோதிக்க வேண்டும். 2005-இல் இன்டெல் தன் பிராசஸர்களில் ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினிகளுக்கான வன்பொருள் ஆதரவைக் கொண்டுவந்தபோது 16 பிட் முறையை அது நேரடியாக ஓட்டவில்லை. ஆனால் எந்த மெய்நிகர் கணினியும் இயங்கத் தொடங்குவது 16 பிட்டில்தானே? ஆக, அந்த முதல் சில நொடிகளுக்காக மட்டும் மெய்நிகராக்க மென்பொருள் எழுதியவர்கள் சுற்றுவழிகளையும் போலச்செய்யும் நிரல்களையும் எழுதித் தீர்த்தார்கள். 2010-இல் வந்த வெஸ்ட்மியர் தலைமுறையில்தான் அது சரிசெய்யப்பட்டது.

இது எழுதிய வாக்கால் வந்த சுமை. சலிப்பூட்டும், ஆனால் தாங்கக்கூடியது. ஏனென்றால் என்ன செய்ய வேண்டும் என்று ஆவணத்தில் இருக்கிறது. அடுத்து வருவது வேறு ரகம்.

8086-க்கு 20 முகவரிக் கம்பிகள். அதாவது 1 எம்பி. அதில் முகவரியைக் கணக்கிடும் முறைப்படி 1 எம்பியைக் கொஞ்சம் தாண்டிய எண்ணும் வரலாம். தாண்டினால் 21-ஆவது கம்பி இல்லாததால் எண் மடங்கி, நினைவகத்தின் தொடக்கத்துக்கே வந்து நிற்கும். இது யாரும் வாக்களித்த வசதி கிடையாது, கம்பி இல்லாததன் பக்கவிளைவு. சில நிரல்கள் அதை நம்பிவிட்டன. 1982-இல் வந்த 80286-க்கு 24 கம்பிகள் இருந்ததால் மடங்கல் நடக்கவில்லை, அந்த நிரல்கள் உடைந்தன. 1984-இல் வந்த பிசி ஏடி கணினியில் ஐபிஎம் என்ன செய்தது தெரியுமா? 21-ஆவது கம்பியில், எண்ணிக்கை 0-விலிருந்து தொடங்குவதால் அதன் பெயர் ஏ20, ஒரு தடுப்பு வைத்தது. அந்தத் தடுப்பைத் திறக்கும் பொறுப்பை கீபோர்டு கன்ட்ரோலரிடம் கொடுத்தது, அந்தச் சில்லில் ஒரு கால் சும்மா இருந்ததால்! அதற்குப் பிறகு 1 எம்பிக்கு மேலே நினைவகம் வேண்டும் என்றால் இயங்குதளம் முதலில் கீபோர்டு கன்ட்ரோலரிடம் பேசியாக வேண்டும். அடிக்கடி தேவைப்படுவதைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் வேக நினைவகமான கேஷ் பிராசஸருக்குள்ளே வந்தபோது இந்தத் தடுப்பும் கூடவே உள்ளே போனது. கணினியைத் தொடக்கி வைக்கும் பூட் நிரல்களில் ஏ20 என்று பெயரிட்ட பகுதியை நான் இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதன் வேர், ஒரு காலத்தில் இல்லாத ஒரு கம்பி.

இதையும் இதற்கு முன் நடந்ததையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஐபிஎம் 1964 ஏப்ரல் 7 அன்று சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தது. அதுவரை அந்நிறுவனத்தின் ஒவ்வொரு கணினி வகைக்கும் தனித்தனிக் கட்டளைகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் நிரலை மாற்றி எழுத வேண்டும். 360-இல் கட்டளைத் தொகுதியை ஓர் ஒப்பந்தம்போல ஒரு முறை எழுதிவிட்டு, உள்ளே எப்படிச் செய்கிறோம் என்பதைத் தனியாகப் பிரித்தார்கள். சின்ன மாடல் மைக்ரோகோடில், அதாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் குட்டி நிரலில், மெதுவாக ஓடும், பெரிய மாடல் நேரடிச் சுற்றுகளில் வேகமாக ஓடும், நிரல் ஒன்றே. அன்று எழுதிய பயன்பாட்டு நிரல்கள் இன்றைய ஐபிஎம் மெயின்ஃபிரேமிலும் ஓடுகின்றன. அவற்றின் உள்ளமைப்புக்கும் 1964-க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இணக்கம் இங்கே முன்னேற்றத்தைத் தடுக்கவில்லை. வெளியே எதுவும் மாறாது என்ற உறுதி இருந்ததால்தான் உள்ளே எல்லாவற்றையும் மாற்ற முடிந்தது. 1995-இல் வந்த பென்டியம் புரோவும் இதே வழிதான். எக்ஸ்86 கட்டளைகளை உள்ளே சின்னச்சின்ன நுண்கட்டளைகளாக உடைத்து, தன் இஷ்டப்படி வரிசை மாற்றி ஓட்டியது. நிரல்களுக்கு அது தெரியவே தெரியாது.

ஆனால் அதே 360-இல் ஒரு சின்ன ஓட்டை இருந்தது, எனக்கு அதுதான் இந்த விஷயத்தின் மையம். பிராசஸருக்குள் எண்களை வைக்கும் ரெஜிஸ்டர் 32 பிட், முகவரிக்கு 24 பிட் மட்டும். மேலே மிச்சமிருந்த 8 பிட்டை வன்பொருள் கண்டுகொள்ளாது. நினைவகம் விலை உயர்ந்த காலம், நிரலாளர்கள் சும்மா விடுவார்களா? அந்த 8 பிட்டில் தங்கள் சொந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டார்கள். 24 பிட் என்பது 16 எம்பி. அது போதாமல் 1983-இல் முகவரியை நீட்டியபோது 31 பிட்டோடு நிறுத்தி, பழைய நிரல்களுக்கென்று 24 பிட் முறையையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மோட்டோரோலா 68000 பிராசஸரிலும் இதே கதை: ரெஜிஸ்டர் 32 பிட், வெளியே போகும் முகவரி 24 பிட். 1984-இல் வந்த மெக்கின்டோஷின் நினைவக மேலாண்மை அந்த மேல் பைட்டில் ஃபிளாக்குகளை வைத்தது. பிறகு முழு 32 பிட் முகவரிக்கு மாறும்போது, ஆப்பிளே விற்ற சில மாடல்களின் ராம் அல்லாத நிரந்தர நினைவகத்தில் இருந்த நிரல்கூட அதற்குத் தயாராக இல்லை.

ஏஎம்டி 64 பிட் எக்ஸ்86-ஐ வடிவமைத்தபோது இதைக் கவனித்திருக்கிறார்கள். 2003-இல் ஆப்டெரான் பிராசஸரோடு வந்த அந்த வடிவமைப்பில் 64 பிட் முகவரியில் 48 பிட்தான் பயன்பட்டது. ஆனால் மிச்சமுள்ள 16 பிட்டும் 48-ஆவது பிட்டின் நகலாக இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் வன்பொருளே பிழை எழுப்பும். பயன்படாத பிட்டைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்கும், பயன்படாத பிட்டில் எதையாவது வைத்தால் மறுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. ஒரு வரி விதிதான், அது பல வருடச் சிக்கலைத் தடுக்கிறது.

முழுக்கத் தடுத்ததா என்றால், இல்லை. சில ஜிட் கம்பைலர்கள், அதாவது நிரல் ஓடும்போதே அதை இயந்திரக் கட்டளைகளாக மாற்றுபவை, மேல் பிட்டுகளில் குறிப்பு வைத்துக்கொண்டு, நினைவகத்தைத் தொடுவதற்கு முன் அதைத் துடைத்துவிட்டு முகவரியைக் கொடுத்தன. வன்பொருளால் இதைப் பிடிக்க முடியாது. 2017-இல் லினக்ஸில் இன்னும் பெரிய முகவரிகளுக்கான ஐந்தடுக்குப் பக்க அட்டவணை வந்தபோது, ஒரு நிரல் வாய்விட்டுக் கேட்டாலொழிய 47 பிட்டுக்கு மேலே முகவரி தருவதில்லை என்று முடிவு செய்தார்கள். காரணம் அந்த ஜிட் கம்பைலர்கள்தான். இருந்தாலும் பாருங்கள், 1983-இல் கட்டளைத் தொகுதியே வளைய வேண்டியிருந்தது. 2017-இல் இயங்குதளத்தில் ஒரு சின்ன ஏற்பாடே போதுமானதாக இருந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம்: நான் வடிவமைக்கும் எந்த வடிவத்திலும், அது ஃபர்ம்வேருக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே போகும் அட்டவணையாக இருந்தாலும் சரி, கோப்பின் தலைப்பாக இருந்தாலும் சரி, பிற்காலத்துக்கென்று ஒதுக்கிய பிட்டுகள் 0-வாக இல்லாவிட்டால் மொத்தத்தையும் மறுத்துவிடுவேன். 'இப்போதைக்கு என்ன இருந்தாலும் பரவாயில்லை' என்று விட்டால், அடுத்த பதிப்பில் அந்த பிட்டுகளைப் பயன்படுத்த முடியாது. குப்பை மதிப்பை நிரப்பி அனுப்பும் ஒரு வாடிக்கையாளராவது அதற்குள் வந்திருப்பார். கண்டிப்பாக இருக்கிறேன் என்று சக ஊழியர்கள் சலித்துக்கொள்வார்கள். கண்டிப்பை முதல் நாளில்தான் காட்ட முடியும், பிறகு தளர்த்தலாம். தளர்வாகத் தொடங்கிவிட்டுப் பிறகு கண்டிப்பாக மாற வழியே கிடையாது.

எழுதாத வாக்கு எவ்வளவு ஆழமாக ஒளிந்திருக்கும் என்று எனக்குக் காட்டியது வேறொரு வேலை. அளவீட்டுக் கருவிகளிலிருந்து எண்களை வாங்கிக் கணக்கிடும் பெரிய நிரல் ஒன்று. 32 பிட் எக்ஸ்86-க்காக எழுதப்பட்டது. எழுதியவர்கள் யாரும் அந்த நிறுவனத்தில் இப்போது இல்லை. அதை எக்ஸ்86 அல்லாத வேறு பிராசஸர் வகையான ஆர்மின் 64 பிட் கணினிக்கு மாற்ற வேண்டும். மூல நிரல் கையில் இருக்கிறது, மறுபடி கம்பைல் செய்தால், அதாவது புதிய கணினியின் கட்டளைகளாக மாற்றினால் போதும் என்பதுதான் திட்டம்.

கம்பைல் ஆனது. முதலில் கடைசி இலக்கங்கள் மாறின. 32 பிட் எக்ஸ்86-இல் தசமக் கணக்குகள் 1980-இல் வந்த 8087-இன் வழிவந்த பகுதியில், உள்ளே 80 பிட் துல்லியத்தோடு நடக்கும். ஆர்மில் 64 பிட். இரண்டுமே சரியான விடைதான், ஆனால் ஏற்புச் சோதனை வெளியீட்டை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டது. அளவீட்டுத் துறை ஆட்களோடு உட்கார்ந்து பேசினோம். கருவியின் சொந்தத் துல்லியமே அந்த இலக்கத்துக்கு எவ்வளவோ முன்னால் நின்றுவிடுகிறது. ஆக, எத்தனை இலக்கம் பொருந்த வேண்டும் என்று அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். ஓர் இடத்தில் மட்டும் விஷயம் நிஜமாகவே பெரியது: அடுத்தடுத்த இரண்டு மதிப்புகள் துளி பிசகாமல் சமமாகும்வரை சுற்றும் ஒரு லூப். பழைய கணினியில் அது நின்றது. புதியதில் பக்கத்துப் பக்கத்து இரண்டு எண்களுக்கு நடுவே ஊசலாடிக்கொண்டே இருந்தது.

அப்புறம் 4096. நினைவகப் பக்கம் 4 கேபி என்பது 1985-இல் 80386-இல் வந்தது, இன்றுவரை எக்ஸ்86-இல் அடிப்படை அளவு அதுதான். நிரல் முழுக்க 4096 என்று எண்ணாகவே எழுதியிருந்தார்கள். கோப்பைப் பகுதி பகுதியாக நினைவகத்தோடு இணைக்கும் இடத்தில், பகுதியின் தொடக்கம் பக்க அளவின் மடங்காக இருக்க வேண்டும் என்பது இயங்குதளத்தின் விதி. புதிய கணினியின் பக்க அளவு பெரியது என்பதால் முதல் பகுதி மட்டும் இணைந்தது, இரண்டாவதை இயங்குதளம் மறுத்துவிட்டது. பக்க அளவை இயங்குதளத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வசதி காலம் காலமாக இருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

இந்த 4 கேபி விஷயத்தில் நான் தயங்காமல் சொல்வேன்: இங்கே இணக்கம் வன்பொருளை நிஜமாகவே பின்னுக்கு இழுக்கிறது. பிராசஸருக்கு மிக அருகில் இருக்கும் முதல் நிலை கேஷ் வேகமாக இருக்க, முகவரி மாற்றம் முடியும்வரை காத்திராமல், மாறாத கீழ் பிட்டுகளை வைத்தே தேடலைத் தொடங்கிவிடுவார்கள். 4 கேபி பக்கத்தில் மாறாத பிட் 12. அப்படி வடிவமைத்தால் கேஷின் அளவு, பக்க அளவு பெருக்கல் வழிகளின் (ஒரு தரவை வைக்கக்கூடிய மாற்று இடங்களின்) எண்ணிக்கை என்பதைத் தாண்ட முடியாது. 8 வழி என்றால் 32 கேபி. இன்டெலின் டேட்டா கேஷ் பல தலைமுறைகள் 32 கேபியிலேயே நின்றதற்கும், பிறகு 12 வழியாக்கி 48 கேபிக்குப் போனதற்கும் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. பக்கம் 16 கேபி என்றால் அதே 8 வழியில் 128 கேபி வரை போகலாம். எம்1-இன் வேகக் கோர்களில் டேட்டா கேஷ் 128 கேபிதான். பெரிய பக்கத்தைப் பிராசஸரில் சேர்ப்பது அப்படியொன்றும் முடியாத வேலை இல்லை, 64 பிட் ஆர்மில் 4, 16, 64 கேபி மூன்றுக்கும் இடம் இருக்கிறது. எக்ஸ்86-இல் சேர்த்தாலும் பயன்படுத்த முடியாதபடி செய்வது, உலகம் முழுக்க நிரல்களில் எண்ணாக எழுதி வைத்திருக்கும் அந்த 4096.

மாற்றும் வேலையில் கடைசியாக வந்த பிழைதான் எங்களை உலுக்கியது. ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஓர் இழை) கருவியிடமிருந்து அளவை வாங்கி, வட்டமாகச் சுற்றும் இடையகத்தின் ஓர் அறையில் எழுதும். எழுதிய பின் 'தயார்' என்ற மாறியை 1 ஆக்கும். இன்னொரு த்ரெட் 'தயார்' 1 ஆவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஆனதும் அறையைப் படிக்கும். எக்ஸ்86-இல் ஒரு கோர் எழுதியவை மற்ற கோர்களுக்கு அதே வரிசையில்தான் தெரியும். முதலில் அளவு, பிறகு தயார். ஆர்மில் அந்த உத்தரவாதம் கிடையாது. 'தயார்' முதலில் தெரிந்துவிடலாம், அளவு ஒரு கணம் பின்னால் வரலாம். அந்தக் கணத்தில் படித்தால் அறையில் இருப்பது முந்தைய சுற்றின் அளவு. குப்பை எண் வந்திருந்தால் உடனே பிடித்திருப்போம். வந்ததோ நம்பத் தகுந்த, கொஞ்சம் பழைய அளவு. எப்போதாவது ஒரு முறை. பதிவில் நேரக் குறியீடு ஓரிடத்தில் பின்னால் போனதைக் கூட வேலை பார்த்த ஒருவர் கவனித்ததால் தெரிந்தது.

இந்த வரிசை உத்தரவாதம் எக்ஸ்86-இல் ரொம்ப காலமாக நடைமுறையில் இருந்தது. அதைத் தெளிவான விதிகளாக இன்டெல் தனி ஆவணத்தில் வெளியிட்டது 2007-இல்தான். அதற்கு முன்பே உலகின் நிரல்கள் எல்லாம் அதை நம்பிவிட்டன. ஆப்பிள் எம்1-இல் பழைய எக்ஸ்86 நிரல்களை மொழிபெயர்த்து ஓட்டும் ரொசெட்டா 2-க்காக, எக்ஸ்86 போலவே வரிசையைக் காப்பாற்றும் ஒரு தனி முறையை வன்பொருளிலேயே வைத்தார்கள். கட்டளைத் தொகுதியை மொத்தமாகத் தூக்கிப்போட முடிந்தது. மென்பொருள் அதை மொழிபெயர்த்துக் கொடுத்துவிடும். எந்தக் கட்டளையிலும் எழுதப்படாத இந்த நினைவக வரிசையை மட்டும் சில்லில் சுமக்க வேண்டியிருந்தது. எது மலிவான இணக்கம், எது விலையுயர்ந்த இணக்கம் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இதுதான்.

எங்கள் நிரலைச் சரிசெய்தது சில வரிகளில் முடிந்தது. மொழியே தரும் அணு மாறிகளைப் பயன்படுத்தி, எழுதுகிற பக்கம் 'இதற்கு முன் எழுதியதெல்லாம் தெரிந்த பிறகே இது தெரியட்டும்' என்றும், படிக்கிற பக்கம் அதற்கு இணையான கட்டுப்பாட்டையும் சொன்னோம். இதையே எக்ஸ்86-க்குக் கம்பைல் செய்தால் முன்பிருந்த அதே சாதாரண எழுதும், படிக்கும் கட்டளைகள்தான் வருகின்றன. முதலிலேயே இப்படி எழுதியிருந்தால் ஒரு பைசா வேகம்கூடக் குறைந்திருக்காது. இப்போதெல்லாம், ஒரு பொருள் எக்ஸ்86-இல் மட்டுமே விற்பனைக்குப் போவதாக இருந்தாலும், அதன் சோதனைகளை ஓர் ஆர்ம் கணினியிலும், 4 கேபி அல்லாத பக்க அளவிலும் ஓட்டச் சொல்கிறேன். நாம் எதையெல்லாம் தெரியாமலே நம்பிக்கொண்டிருக்கிறோம் என்பதை வேறு எதுவும் இவ்வளவு சீக்கிரம் காட்டுவதில்லை.

சரி, எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினால்? பலர் தொடங்கினார்கள். இன்டெலின் ஐட்டேனியம் பிராசஸர் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2001-இல் வந்தது, 2021-இல் கடைசி ஏற்றுமதி. எக்ஸ்86 நிரல்கள் அதில் மெதுவாக ஓடியது ஒரு காரணம். எந்தக் கட்டளைகளை ஒன்றாக ஓட்டலாம் என்பதைக் கம்பைலரே முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் என்ற எதிர்பார்ப்பு, நினைவகம் எப்போது பதில் தரும் என்று முன்கூட்டித் தெரியாத நிஜ நிரல்களில் பலிக்காதது அதைவிடப் பெரிய காரணம் என்பது என் கருத்து. இணக்கத்தை விட்டதால் தோற்றது என்று மட்டும் சொல்வது அரைகுறை.

புதுத் தொடக்கத்தில் நான் கவனிப்பது வேறு. அதுவும் தனக்கான பழைய சுமையை முதல் நாளே உண்டாக்கத் தொடங்கிவிடுகிறது. 1980-களில் வந்த மிப்ஸ் பிராசஸர் எவ்வளவு சுத்தமான வடிவமைப்பு! ஆனால் தாவும் கட்டளைக்கு அடுத்த கட்டளை, தாவினாலும் தாவாவிட்டாலும் ஓடியே தீரும் என்று அதில் விதி வைத்தார்கள். கட்டளைகளை ஐந்து கட்டமாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக நகர்த்தும் அன்றைய குழாய் அமைப்பில் (பைப்லைன்) வீணாகும் ஒரு சுழற்சியைப் பயன்படுத்திக்கொள்ள அது அருமையான வழி. குழாய் நீண்டு, ஒரே நேரத்தில் பல கட்டளைகள் ஓடத் தொடங்கியதும் அதனால் லாபம் எதுவும் இல்லை. விதியை மட்டும் சுமக்க வேண்டியிருந்தது. அன்றைய உள்ளமைப்பின் ஒரு வசதியை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான். பின்னால் வந்த ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுதி அந்த விதியைச் சேர்க்கவில்லை. 1992-இல் வந்த ஆல்ஃபா பிராசஸரோ எதிர்ப்பக்கம் போனது. ஒற்றை பைட்டைப் படிக்கவும் எழுதவும் கட்டளையே வைக்கவில்லை. சில வருடத்தில் அதைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

வடிவமைப்புக் கூட்டங்களில் நான் இப்போது விடாமல் கேட்கும் கேள்வி இங்கிருந்து வந்தது: இந்த விதி நம் பயனருக்குத் தேவையா, அல்லது இன்றைய நம் உள்ளமைப்புக்கு வசதியா? வசதி மட்டும் என்றால் அது ஆவணத்துக்குள் வரக்கூடாது. ஆவணத்தில் வராவிட்டாலும் வெளியே தெரியுமே, யாராவது நம்பிவிடுவார்களே என்பது அடுத்த சிக்கல். அதற்கு, உறுதி தராத நடத்தையைச் சோதனைப் பதிப்புகளில் வேண்டுமென்றே மாற்றி மாற்றித் தருகிறோம். கோ நிரல்மொழியில் மேப் என்ற தரவு அமைப்பில் உள்ளவற்றைச் சுற்றிவரும் வரிசையை ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே கலைத்துவிடுகிறார்களே, அதே யோசனைதான். ஃபர்ம்வேர் தரும் அட்டவணைகளின் வரிசை, நிரப்பு பைட்டுகளின் மதிப்பு, ஒதுக்கும் முகவரி எல்லாமே சோதனைப் பதிப்பில் ஒவ்வொரு முறையும் வேறு. தவறாக நம்பிய நிரல் வெளியே போவதற்கு முன்பே உடையும், எழுதியவர் பக்கத்திலேயே இருப்பார், திருத்திவிடுவார்.

கடைசியாக, நீக்குவது பற்றி. சுமையைக் குறைக்க வேண்டும் என்று சொல்பவர்கள் பலர், எப்படி இறக்குவது என்று திட்டம் வைத்திருப்பவர்கள் குறைவு. இன்டெல் 2023 மே மாதம், நேராக 64 பிட்டிலேயே தொடங்கி 16 பிட் முறைகளை விட்டுவிடும் எக்ஸ்86எஸ் என்ற வடிவமைப்பை முன்வைத்தது. 2024 டிசம்பரில் அதைக் கைவிட்டது. டிராம்போலின் எழுதிக் கை ஓய்ந்தவன் என்ற முறையில் எனக்கு நிஜமாகவே வருத்தம்தான். லினக்ஸ் மட்டும் 2012 இறுதியில் 80386-க்கான ஆதரவை நீக்கியே விட்டது. ஒப்பிட்டு மாற்றும் அணுக் கட்டளை அந்தப் பிராசஸரில் கிடையாது, இயங்குதளத்தின் மையமான கெர்னல் நிலையில், நினைவகத்தில் எழுதுவதைத் தடுக்கும் பாதுகாப்பும் வேலை செய்யாது. இந்த இரண்டுக்காகவும் நிரல் முழுக்கத் தனி வழிகள் வைத்திருந்தார்கள். நீக்கியதும் அவை எல்லாம் போயின. பழைய கணினி வைத்திருப்பவர்களுக்குப் பழைய கெர்னல் இருந்தது.

எங்கள் ஃபர்ம்வேரில் பழைய பயாஸ் முறையில் பூட் செய்யும் பகுதியை நீக்கும்போது நாங்களும் அதையே பின்பற்றினோம். முதலில் மற்ற நிரலுக்குள் அங்கங்கே கலந்திருந்ததை ஒரே தொகுப்பாகப் பிரித்தெடுத்தோம். இந்த ஒரு படிக்கே மொத்த வேலையில் பெரும்பகுதி போனது, ஆனால் நீக்குவதில் கிடைக்கும் லாபத்தில் பாதி இதிலேயே வந்துவிட்டது. அடுத்த பதிப்பில் இயல்பாக அணைத்துவைத்தோம், வேண்டுபவர் அமைப்பில் இயக்கிக்கொள்ளலாம். இயக்குபவர்கள் காரணத்தை எங்களுக்கு எழுதச் சொல்லிக் கேட்டோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய பிணைய அட்டைகளைப் பற்றியவை. அந்த அட்டைகளுக்கு மாற்று ஃபர்ம்வேர் கிடைக்குமா என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கொடுத்தோம். மாற்றே இல்லாதவர்களுக்குப் பழைய பதிப்பைப் பாதுகாப்புத் திருத்தங்களோடு தனிக் கிளையாக வைத்திருக்கிறோம். புதிய கிளையில் வேலை செய்பவர்கள் அந்தக் கோப்புகளைத் திறப்பதே இல்லை.